கேட்டில் தின்ற கெராங்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும், மிச்சமிருக்கும் என் இரண்டு பற்களும் இந்த இடத்திலேயே விழட்டும். 1956 ஜூன் 14, காலை ஆறு மணி. ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம்.

“மடியில என்ன?” துப்பாக்கியை நீட்டினார் கேட்டுக் காவலர் லியோனார்ட்.

பால் வெட்டப் போகிற நல்லம்மாள் சேலை மடிப்பிலிருந்த பொட்டலத்தை இறுக்கிக்கொண்டாள். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம் அது. கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு போனாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்று பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள்.

நான் இருந்த இடம் இருட்டு. ஆனால் அந்தப் பொட்டலத்துக்கும் எனக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. பேசியதெல்லாம் கேட்டது.

பொட்டலம் பிரிந்தது. உள்ளே அவித்த கெராங் சிப்பி, இரண்டு கை நிறைய.

“யாருக்கு? காட்டுல இருக்கிறவனுக்கா?”

“என் வயித்துல இருக்கிறதுக்கு. ரத்தத்துல இரும்புச்சத்து இல்ல, இதைத் தின்னுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னாரு. போன புள்ள வெளுத்துப்போய்ப் பொறந்து ஏழாம் நாளே போயிருச்சு. இதையும் விடமாட்டேன்.”

“வீட்டுலயே தின்னுட்டு வர்றதுதானே?”

“விடியறதுக்கு முன்னாடி தின்னா வாந்தி வருது. நீங்க மாசமா இருந்து பாருங்க லா!”

“வெளியே கொண்டுபோகக் கூடாது. சட்டம்.”

“கொண்டுபோகத்தானே கூடாது?” நல்லம்மாள் கேட்டுக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தாள். “வயித்துல போட்டுக்கிட்டுப் போறேன். அங்கேயும் சோதிப்பீங்களா?”

ஒவ்வொன்றாகத் திறந்து நிதானமாக மென்றாள். பின்னால் அறுபது பேர் வாளியோடு நின்றார்கள்.

“எந்திரி புள்ள! வெயில் ஏறுனா மரத்துல பால் இறங்காது!” வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி கத்தினார்.

“எனக்கும் பால் இறங்கணும் மண்டோரே. அதுக்குத்தான் திங்கிறேன்.”

மறுநாள் மாசமான பெண்கள் ஒன்பது பேரும் கேட்டில் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். ஒரே மாதத்தில் சிப்பி ஓடு மலையாகக் குவிந்து, துரையின் கார் வெளியே போக முடியாமல் மூன்று நாள் உள்ளேயே நின்றது.

நான்காம் நாள் துரை உத்தரவு போட்டார்: மாசமானவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஏழரை மணிக்கு வேலைக்கு வந்தால் போதும்.

அத்தனைக்கும் நான் கூடவே இருந்தேன். சந்தேகமென்றால் என் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். தாயார்: நல்லம்மாள். பிறந்த தேதி: 1956 ஆகஸ்ட் 30.