டெல்மர் வீட்டுக்கு இறக்கை வந்தது

உலக விமான வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: அமெரிக்காவின் விஸ்கான்சினில் டெல்மர் தன் கராஜில் நாலு வருடமாகக் கட்டிவரும் விமானத்துக்கு இறக்கைகள் வந்துசேர்ந்தன.

பதினாறு அடி நீள மரப்பெட்டி. "லாரி விளிம்பு வரைக்கும்தான் என் வேலை, இறக்குறது உங்க பாடு," என்றார் டிரைவர்.

இதுவரை கேலி மட்டுமே செய்த தெரு, டெல்மர் கூப்பிடாமலே திரண்டு வந்து தோள் கொடுத்தது.

"மெதுவா! ஒரு கீறல் விழக் கூடாது!" பக்கத்து வீட்டு ஆர்லின் பதறினார்.

டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் விமானத்து மேல இவ்வளவு அக்கறையா, ஆர்லின்?"

"விமானமா? பலகையப் பாருப்பா, அருமையான பலகை! இறக்கைய எடுத்துட்டுப் பெட்டியக் குடு. கோழிக்கூடு கட்டணும்."

"பாதி எனக்குன்னு சொல்லித்தானய்யா கூட்டிட்டு வந்தே?" என்று ஆர்லினை முறைத்தார் எதிர்வீட்டு கிளென்.

கோழிக்கூடு இரண்டே நாளில் தயாராகிவிட்டது.