இடிமுழக்கத்துக்கு ஓய்வு

இடிமுழக்கம் சமையலறை மேசை முன் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரசங்கியாருக்கு ஊர் வைத்த பெயர் அது. மைக் இல்லாமலேயே மைதானத்தின் கடைசி வரிசைவரை போகும் குரல். அந்தக் குரலைக் கேட்டு ஒரு சாராயக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் பூச்செடி விற்கப் போனார். ஒரு திருடன், திருடிய சைக்கிளுக்குக் காற்றும் அடித்துக் கொண்டுவந்து உரியவரிடம் விட்டான்.

இப்போது அவர் குரல்நாணில் முடிச்சு. தான் சரி என்று சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார். பேரனின் சிலேட்டும் ஒரு துண்டு சாக்பீஸும்தான் பாஷை.

இன்று பத்தொன்பதாவது நாள்.

எதிரே அவர் மனைவி. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் பங்குக்கு வந்த பேச்சு, "சாப்பிட வாங்க", "சட்டை தேய்ச்சாச்சு", அப்புறம் "ஆமென்". மற்றதையெல்லாம் அவரே பேசிவிடுவார்.

முதல் இரண்டு நாள் வீடு அப்படி அடங்கிக் கிடந்தது. குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் அவள், "இந்தக் குழாய் ஒரு வருஷமா சொட்டுது" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

முழங்கால் வலி, மருமகளின் மூக்குநுனிக் கோபம், சின்ன வயதில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் தான் செருப்பறுந்தும் இரண்டாவதாக வந்தது. ஒன்று விடாமல் சொன்னாள். ஆரம்பத்தில் அவர் பஸ்ஸுக்கு நிற்பவர்போல உட்கார்ந்திருந்தார். போகப் போக நாற்காலி நகர்ந்து பக்கத்தில் வந்தது. சிலேட்டில் "அப்புறம்?" என்று எழுதியவர் அதை அழிப்பதையே விட்டுவிட்டார். வேண்டும்போது தூக்கிக் காட்டினால் போதும்.

நேற்று எழுப்புதல் கூட்டத்தின் செயலாளர் வந்திருந்தார். நாளை தொடங்கி மூன்று நாள் கூட்டம். சுவரெல்லாம் போஸ்டர். பத்து நிமிஷம் மேடையேறி ஒரு ஜெபமாவது செய்யுங்கள் என்று அழாத குறையாகக் கேட்டார். பிரசங்கியார் சிலேட்டின் பின்பக்கத்தில், "வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்" என்று எழுதிக் காட்டினார். செயலாளர் தொங்கிய முகத்தோடு போனார்.

அவளுக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடைதான் உயிர் என்று இருந்த மனுஷன், மூலையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாரே.

அந்த இரக்கத்திலோ என்னவோ, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது இன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

சிலேட் உயர்ந்தது.

"கடைசியில, எல்லாரும் கண்ணை மூடுங்க, ஆண்டவரை ஏத்துக்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு சொல்வீங்கல்ல? நான் ஒரு தடவைகூடத் தூக்கினதில்ல."

ஒரு பட்டாணி அவர் விரலிலிருந்து நழுவி உருண்டு போனது.

முதல் வருஷம், அடுத்த கூட்டத்தில் தூக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாளாம். அதற்கப்புறம் பயம். பிரசங்கியார் சம்சாரம் இப்போதுதான் மனந்திரும்புகிறாளா என்று, ஓரக்கண்ணால் பார்க்கும் பின்வரிசை காதைக் கடிக்குமே. வருஷம் ஏற ஏறக் கை கனத்துப்போனது. ஆயிரம் கைகள் எழும்பும்போது, முன்வரிசையில் அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர் "அப்புறம்?" என்பதைத் துடைத்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று எழுதினார்.

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"நீங்க கூட்டத்தைத்தானே கேட்டீங்க? என்னைக் கேக்கலையே."

குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஊரையே அழவைத்தவரின் கண்ணோரம் லேசாகச் சிவந்தது. "தூக்கறதுக்கு முன்னால உங்ககிட்ட நான் கேக்க வேண்டியதும் சிலது இருக்கு" என்று அவள் தொடங்கியபோது, உள் அறையில் போன் அடித்தது.

எழுந்து போனாள். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"டாக்டர் கேக்கச் சொன்னாருங்க. ஐயா பேச ஆரம்பிச்சு நாலு நாளாச்சே, தொண்டையில வலி ஏதும் இல்லையே?"

"நாலு நாளா?"

"ஆமா, திங்கட்கிழமையே முடிச்சு கரைஞ்சு போச்சுன்னு சொல்லி அனுப்பினோமே. இங்கயே பேசிக் காட்டினாரு, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு."

திங்கட்கிழமை அவர் தனியாகத்தான் போய்வந்தார். திரும்பி வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நாள்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

அவள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வலியெல்லாம் இல்லைங்க. நல்லா இருக்காரு" என்று சொல்லி போனை வைத்தாள்.

சமையலறையில் அவர் புருவத்தை உயர்த்தினார். யார்?

"ராங் நம்பர்" என்றாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க விட்டேன்?"

அவர் வாயைத் திறந்தார்.

சட்டென்று மூடிக்கொண்டு, சாக்பீஸைத் தேடினார்.

அது பட்டாணித் தோலுக்கடியில் கிடந்தது. அவள் எடுத்து, ஊதித் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.