பெயரறியா ஏரி

ஐப்பசி பிறந்தும் கார்முகில் திரளாத அந்தி, மண்ணூரின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லக் கவிகிறது. அறைத்தோழியர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விட்டனர். இசக்கிசெல்வி தனியே அமர்ந்து ஆங்கிலப் பயிற்சிப் பத்தியை உரக்க வாசிக்கிறாள்; கேட்பதற்கு மின்விசிறி மட்டுமே இருக்கிறது. தொழிற்சாலை நாளை நடத்தும் ஆங்கிலத் தேர்வில் தவறினால் வேலை நிரந்தரமாகாது. நெல்லைக்கே திரும்ப வேண்டும். வாசல் மாடத்தில் விளக்கேற்ற வந்த வீட்டுக்காரி தாயாரம்மாள் எட்டிப் பார்க்கிறாள்.

“இன்னாம்மா, யாரை இங்கிலீசுல திட்டிக்கினு கீறே?”

“திட்டலயக்கா. ஒரு ஏரி வத்திப்போச்சாம். பறவையெல்லாம் போயிட்டுதாம்.”

“எந்தூரு ஏரி?”

“பேரு போடலயக்கா.”

தாயாரம்மாள் அகலை ஏற்றுகிறாள். சற்று நின்று, இன்னோர் அகலையும் ஏற்றி, எத்திசை என்றறியாமலே அந்த ஏரிக்காகக் கைகூப்புகிறாள். இசக்கிசெல்வியும் எழுந்து கூப்புகிறாள்.

“அதுவும் ரொம்பணும். நீயும் பாஸாவணும், கண்ணு.”