தெற்கே தலைமாடு

"பொணத்தைத்தான்டி தெக்கால தலை வெச்சுக் கெடத்துவாங்க! இப்படியா பாய் விரிப்பே—"

"பொணமாட்டம் படுக்கோணும்னு சாமிதானுங்கக்கா சொன்னாங்க—"

"அதுக்குன்னு?"

அத்தாயியும் சௌந்திரமும் காவிரித் திட்டிலிருந்த யோகா ஆசிரமத்துக்குச் சேவைக்கு வந்தவர்கள். சௌந்திரம் விரித்த பாய்களைத் திருப்பிப்போட நேரமில்லை. எல்லோரும் சவாசனத்தில் படுத்துவிட்டார்கள், மூச்சிளைப்புக்கு வழி தேடி வந்த அத்தாயியின் கணவன் மருதாசலமும்தான்.

அடுப்படியில் கஞ்சியைக் கிண்டினாலும் அத்தாயியின் காது கூடத்திலேயே இருந்தது. அவருடைய இளைப்புச் சத்தம் சட்டென்று நின்றது. கிண்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சற்றைக்கெல்லாம் மருதாசலம் சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூச்சு லேசா இருக்குது புள்ளே. கஞ்சி ஊத்து."

நெஞ்சில் அந்தக் கரகரப்பே இல்லை. அத்தாயிக்கு அப்பாடா என்றிருந்தது. வட்டில் நிறைய ஊற்றினாள். சொட்டு விடாமல் குடித்தார்.

கூடத்திலிருந்து சௌந்திரம் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அண்ணன் மட்டும் இன்னும் படுத்திருக்காருங்க. வந்து எழுப்புங்களே!"