வளையாத தண்டு

புது கோல்ஃப் மட்டைக்கு அளவு பார்க்க பிரமீளா சில பந்துகள் அடித்தாள். கடைக்காரன் ஜோயல் அவள் மட்டை வீசும் வேகத்தைக் கருவியில் பார்த்தான். "உங்க வேகத்துக்கு நல்லா வளையுற தண்டுதான் சரி மேடம். ஞாயித்துக்கெழமை போட்டிக்குத்தானே? நந்தகோபால் சாரும் நேத்து ஒய்ஃபோட வந்து புது மட்டை செஞ்சுக்கிட்டாரு."

போன வருடம் வரை அந்த ஒய்ஃப் பிரமீளாதான்.

அவள் அடுத்த பந்தை அடித்தாள். எதிரே தொங்கிய திரை கிழிந்துவிடும்போல் அதிர்ந்தது. ஜோயல் கருவியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"யாரையோ நெனச்சு அடிச்சீங்க. இந்த வேகத்துக்கு வளையாத தண்டுதான் தாங்கும். ஆனா கோபம் ஆறிட்டா அது உங்க கைக்கு ஒத்துவராது மேடம்."

அவள் கையுறையை இறுக்கிக்கொண்டாள்.

"அதையே மாட்டுங்க. ஆற விடமாட்டேன்."