காலிக் கட்டம்

ஞாயிறு சாயங்காலம் காலண்டரைப் பார்த்த செபஸ்தியான் பதறினார். "செல்வி, இன்னைக்குக் கட்டத்துல டிக் இல்லியே! வாரத்துக்கு ஒண்ணு போடுற சர்க்கரை ஊசிய மறந்துட்டேன் போல. ஜல்தி எடுத்தா!"

மனைவி இருதயசெல்வி ஃப்ரிட்ஜை மறித்து நின்றாள். "தர மாட்டேன். காலையிலயே போட்டுக்கினீங்க."

"நீ பார்த்தியா?"

"இல்ல. நான்தான் விடியறப்பவே கிளியனூர் போய்ட்டேனே."

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மகன் ஆண்டோ சிரித்தான். "கட்டம் காலியா இருக்கும்மா. போன வருஷம்தானே அ, ஆ கத்துக்கின? சுகர் ஏறிடப்போவுது, குடு!"

"ஒரே நாள்ல ரெண்டு போட்டா வாந்தியெடுத்துப் படுத்துடுவாருடா."

மருந்துப் பெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தடவைக்கு ஒரு புது ஊசிமுனைன்னு நாலு வாரத்துக்கு நாலு குடுத்தாங்க. பெட்டி பிரிச்சு இது மூணாவது ஞாயிறு. இன்னைக்குப் போடலன்னா ரெண்டு மிச்சம் இருக்கணும். எண்ணு."

ஆண்டோ எண்ணினான். ஒன்றுதான் இருந்தது.

செபஸ்தியான் தலையைச் சொறிந்தார். "ஆமாம்மே... ஊசி போட்டதும் சர்ச்சுல பூசை மணி அடிச்சிடுச்சி. டிக் போடாமயே ஓடிட்டேன்."

இருதயசெல்வி பேனாவை எடுத்தாள். காலிக் கட்டத்தில் டிக் போடவில்லை. எழுத்துக்கூட்டி, மகன் பார்க்கப் பெரிதாக எழுதினாள்: 'போட்டாச்சு.'