நரித்தலைச் சாமி

மணிக்கட்டில் கட்டிய கைப்பட்டை காட்டும் நாடியைப் பார்த்து, யாருக்கு எந்தத் தெய்வம் ஒத்துவரும் என்று சிலை விற்கும் நிறுவனமே முடிவுசெய்து அனுப்பிவிடும். மாமல்லபுரத்துச் சிற்பி ஏகாம்பரத்துக்குச் செதுக்குவது மட்டும்தான் வேலை. பிள்ளைப்பேற்றைக் காக்கும் நீர்யானை முக எகிப்துத் தெய்வம் தவேரத் போன வீடுகளில் பத்து மாதத்துக்குள் தொட்டில் கட்டினார்கள். செத்தவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் எகிப்துக் கடவுள் அனுபிஸ் போன வீடுகளைப் பற்றி விசாரிப்பதை அவர் நிறுத்தியிருந்தார்.

அந்த வாரத்து அனுபிஸுக்கு நரித்தலையும் நிமிர்ந்த காதுகளும் முடிந்துவிட்டன. கண் திறப்பதுதான் பாக்கி. அதுவரை அது வெறும் கல். கண் திறக்கும்போது வாங்குபவரின் பெயரைச் சொல்வது பட்டறை வழக்கம் என்பதால் சீட்டைப் பார்த்தார். வேதவல்லி ஏகாம்பரம் என்று இருந்தது. விலாசமும் அவர் வீடுதான்.

உளியைக் கீழே வைத்தார். சற்று நேரத்தில் வேதவல்லியே போன் செய்தாள்.

"ஏங்க, எனக்கு ஏதோ சாமி அனுப்புறாங்களாம். உங்க பட்டறையிலதான் செய்யுறாங்களாமே, என்ன சாமி?"

"நரித்தலச் சாமி."

"நல்லதாப் போச்சு. தெனமும் நரி முகத்துல முழிக்கலாம். எப்ப வரும்?"

"கல்லு சரியில்ல. கண்ணு தெறக்க நாளாகும்."

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. பட்டறைக்கு மேலாளர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். மெருகேற்றி மெருகேற்றி நரியின் காது பூனைக்காது அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

தினமும் காலையில் டிபன் டப்பாவை நீட்டும்போது வேதவல்லி கேட்பாள். "இன்னைக்காவது கண்ணத் தெறப்பீங்களா?"

"கல்லு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.